லைன் போட்டா நிக்குதுங்க

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, டிஸ்க்கை மாத்திடலாமா?" ஸ்டோரேஜ் வேலையில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், முகம் ஒரு மாதிரி போகும். கேட்பவர் பணம் கட்டத் தயாராக இருப்பார். விற்கிறவர் அதைவிடத் தயாராக இருப்பார். நடுவில் நிற்கும் நாம்தான் "கொஞ்சம் பொறுங்க, எது காத்துக்கிட்டு இருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்று இழுத்து, இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கிக்கொள்வோம். சுழலும் தட்டு இல்லாத ஃபிளாஷ் சில்லுகளின் விலை இறங்கிய பிறகு இந்தப் பேச்சுக்கு மரியாதை இன்னும் குறைந்துவிட்டது. ஆராய்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு ஆகும் சம்பளத்தில் ஃபிளாஷால் ஆன எஸ்எஸ்டி டிஸ்க்கே வாங்கிவிடலாமே என்கிறார்கள். பல இடங்களில் அது நியாயமான கணக்குதான். அதனால்தான் இந்த விஷயம் எனக்குள் ஒரு முடிவுக்கு வராமல் கிடக்கிறது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனம். பில்லிங் கவுன்டர், குடோன், கணக்குப் பிரிவு எல்லாம் ஒரே டேட்டாபேஸ் சர்வரை நம்பி ஓடுகின்றன. சர்வருக்குப் பின்னால் 12 டிஸ்க் கொண்ட ஒரு ஸ்டோரேஜ் அரே. எல்லாம் 10,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 10,000 முறை, சுழலும் எஸ்ஏஎஸ் எனும் சர்வர் ரக டிஸ்க், ஒவ்வொன்றும் 1.2 டிபி, மொத்தமும் ஒரே ரெய்டு 5: ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி, பேரிட்டி என்ற சரிபார்ப்புக் கணக்கையும் சேர்த்து எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைக்கும் முறை. தீபாவளி கொள்முதல் தொடங்கியதும் மாலை 5 மணிக்கு மேல் பில் நகரவில்லை என்று புகார். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது முழு ஃபிளாஷ் அரே ஒன்றுக்கான கொட்டேஷன் ஏற்கெனவே முதலாளி மேஜையில் இருந்தது. அதில் எழுதியிருந்த ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கோரிக்கை) எண்ணுக்குப் பின்னால் இருந்த சைபர்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

காரணம் சொல்ல ஆளுக்கொரு கட்சி. நெட்வொர்க் ஸ்விட்ச் என்றார் ஒருவர். ஆன்டிவைரஸ் என்றார் இன்னொருவர். குடோன் மேலாளர், மாலையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் இப்படி ஆகிறது, அந்த அதிர்வுதான் காரணம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், டேட்டா சென்டரில் ஒரு டிஸ்க் அடுக்கின் முன் நின்று தொண்டை கிழியக் கத்தினார், அது வீடியோவாகவும் வந்தது. அவர் கத்திய அதே நொடியில் டிஸ்க்குகளின் லேட்டன்சி, அதாவது ஒரு கோரிக்கை முடிய ஆகும் நேரம், எகிறியதை வரைபடத்தில் பார்க்கலாம். படிக்கும் முனை மயிரிழை விலகினாலும் தட்டு இன்னொரு சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டும், அதனால் அதிர்வு உண்மையிலேயே வேகத்தைக் கெடுக்கும். இங்கே ஜெனரேட்டர் கட்டிடத்துக்குப் பின்னால் தனி மேடையில் இருந்தது, அது ஓடாத நாட்களிலும் பில் நின்றது. அதனால் அந்தக் கட்சி கலைந்தது. ஆனாலும் அன்று சொல்லப்பட்ட காரணங்களிலேயே டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்ற உண்மைக்கு மிக அருகில் வந்தது அவருடையதுதான்.

சராசரி சொன்ன பொய்

கண்காணிப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து அழகாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. மாலை நேரத்தில் சராசரி லேட்டன்சி 7 மில்லி விநாடி என்று காட்டியது. சுழலும் டிஸ்க்குக்கு இது நல்ல எண். ஸ்டோரேஜ் விற்றவர்கள் இந்தக் கோட்டைக் காட்டி "எங்க பக்கம் ஒண்ணும் இல்லை" என்றார்கள். மென்பொருள் எழுதியவர்கள் அதே கோட்டைக் காட்டி, 7 ஏன், ஃபிளாஷில் 1 கூட வராதே என்றார்கள். ஒரே எண்ணை வைத்து இரண்டு பேரும் ஜெயிக்க முடிந்தால் அந்த எண்ணில்தான் கோளாறு.

100 கோரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 படிப்பவை. அவை கேஷ் எனும் வேக நினைவகத்திலிருந்தே கிடைத்து 1 மில்லி விநாடியில் முடிகின்றன. மீதி 10 எழுதுபவை, ஆளுக்கு 60 மில்லி விநாடி. மொத்தம் 690, நூறால் வகுத்தால் 6.9. கோடு 7 என்று காட்டும். ஆனால் 7 மில்லி விநாடியில் முடிந்த கோரிக்கை என்று ஒன்றுகூட அந்த நூறில் இல்லை. இதற்கு மேல் அதை ஐந்து நிமிடத்துக்கு இன்னொரு முறை சராசரி எடுத்தால், பத்து நொடி முழுதாக நின்றுபோனதுகூட மேடு தெரியாமல் கரைந்துவிடும். டிஸ்க் நேரங்களைக் காட்டும் ஐஓஸ்டாட் என்ற கட்டளையை ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, படிப்பதையும் எழுதுவதையும் தனித்தனியாகப் பார்த்தபோதுதான் விஷயம் கொஞ்சம் புலப்பட்டது. படிப்பது சமர்த்தாக இருந்தது. எழுதுவது 40, 90, 130 என்று துள்ளியது. எழுதப்படுபவற்றின் அளவு சின்னது, 4 கேபி, 8 கேபி.

அதே திரையில் கடைசியில் ஒரு பத்தி உண்டு, டிஸ்க் எத்தனை சதவீதம் பிஸி என்று சொல்வது. 100-ஐத் தொட்டால் உடனே "டிஸ்க் ஃபுல்லு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு கோரிக்கையாவது கையில் இருந்த நேரம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. 12 டிஸ்க் பின்னால் இருக்கும் அரேயில், ஒரே ஒரு டிஸ்க் வேலை செய்து மீதி பதினொன்றும் சும்மா இருந்தாலும் அது 100 காட்டலாம். அந்தக் கட்டளையின் கையேட்டிலேயே, இணையாக வேலை செய்யும் ரெய்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் இந்த எண்ணை நம்பாதே என்று எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்.

கவுன்டரில்

எண்கள் எழுதுவதில்தான் சிக்கல் என்று கைகாட்டினவே தவிர, அது ஏன் மாலையில் மட்டும், ஏன் கவுன்டரில் மட்டும் என்று சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் யாரும் பெரிதாகப் புலம்பவில்லை. அதனால் சர்வர் அறையை விட்டு வெளியே வந்து, பில்லிங் கவுன்டரில் ஒரு அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த நிறுவனம் கைப்பட பில் எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்து அங்கே இருப்பவர். எதிரே வேட்டி பண்டல்களோடு வியாபாரி நின்றுகொண்டிருந்தார். அக்கா பார்கோடை அடிப்பார், எண்ணிக்கை போடுவார், என்டர் தட்டுவார். திரை ஒரு நொடி திணறும், அப்புறம் அடுத்த வரிக்கு இறங்கும். மறுபடி பார்கோடு, எண்ணிக்கை, என்டர், திணறல். நாற்பது ஐம்பது வரி கொண்ட பில் அது.

"பில்லு சேவ் பண்றப்ப நிக்குதுன்னுதான அக்கா சொன்னாங்க?" என்றேன்.

"யாருங் தம்பி சொன்னது? சேவ் பண்ணுனா சட்டுனு ஆயிடுதுங்க. லைன் போட்டாத்தான் நிக்குது. ஒவ்வொரு லைனுக்கும் நிக்குதுங்க."

புகார் எங்களிடம் வந்து சேர்ந்த வழியில் "பில் போட நேரமாகிறது" என்பது "சேவ் பண்ண நேரமாகிறது" என்று மாறியிருந்தது. சேவ் என்பதைப் பெரிய வேலை என்று நினைத்து எல்லோரும் பெரிய வேலைகளையே தேடிக்கொண்டிருந்தோம். அக்கா சொன்ன ஒரே வரியில் தேட வேண்டிய இடம் மாறியது. வரிக்கு வரி நிற்கிறது என்றால், வரிக்கு வரி ஏதோ ஒன்று டிஸ்க் வரை போய், எழுதி முடித்து, "எழுதிட்டேன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. டெவலப்பரிடம் கேட்டதில் அப்படித்தான். நடுவில் கரண்ட் போனால் பாதி பில் காணாமல் போகக்கூடாது என்று எப்போதோ யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக கமிட், அதாவது டிஸ்க்கில் நிரந்தரப் பதிவு, செய்திருக்கிறார்கள். வரி ஒன்று, அதற்கான இருப்புக் குறைப்பு ஒன்று, தணிக்கைப் பதிவு ஒன்று, எல்லாம் தனித்தனி கமிட். ஒவ்வொரு கமிட்டுக்கும் டேட்டாபேஸின் லாக், கோப்பு முறைமையின் ஜர்னல் ஆகிய மாற்றப் பதிவேடுகள் என்று டிஸ்க்குக்குப் பல நடை. ஒரு என்டருக்கு ஏறத்தாழ பத்து முறை, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது.

12 டிஸ்க் இருந்தும் பயனில்லாமல் போனது இங்கேதான். டோல்கேட்டில் பன்னிரண்டு பூத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரே கார், ஒவ்வொரு பூத்திலும் நின்று சீட்டு வாங்கித்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றால், இன்னொரு பன்னிரண்டு பூத் கட்டி அந்தக் காருக்கு என்ன ஆகப்போகிறது? டிஸ்க்கைக் கூட்டினால் ஒரே நேரத்தில் நிறையப் பேரைக் கவனிக்கலாம், ஒருவருடைய காத்திருப்பு குறையாது. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த சமன்பாடு இதை ஒரே வரியில் சொல்கிறது: ஒரு சமயத்தில் உள்ளே இருக்கும் கோரிக்கைகள் என்பது, விநாடிக்கு வருபவற்றை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கியது. உள்ளே இருப்பது எப்போதும் ஒன்றுதான், அது தங்குவது 14 மில்லி விநாடி என்றால், விநாடிக்கு 71-க்கு மேல் போக வழியே இல்லை. பின்னால் 12 டிஸ்க் இருந்தாலும் 120 இருந்தாலும் இதே 71தான்.

தட்டு ஒரு சுற்று வரும் வரை

அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது. 10,000 ஆர்பிஎம் என்றால் தட்டு ஒரு சுற்று வர 6 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 3. முனை அந்தத் தடத்துக்கு நகர ஒரு 4. ஆக ஒரு தடவை போய்ப் படிக்க 7. இப்படிப் பார்த்தால் ஒரு டிஸ்க் விநாடிக்கு 140 கோரிக்கை தாங்கும். ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்றை எழுத நேரே போய் எழுதிவிட முடியாது. பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பேரிட்டியைப் படிக்க வேண்டும், இரண்டையும் புதியதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, புதிய தரவையும் புதிய பேரிட்டியையும் எழுத வேண்டும். படிப்பது இரண்டும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் ஒரே சமயம் நடக்கும், அதற்கு 7 போதும். ஆனால் படித்து முடிக்கும்போது அந்த இடம் முனையைக் கடந்து போயிருக்கும். அதே இடத்தில் எழுத, தட்டு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். இன்னொரு 6. இரண்டு டிஸ்க்கில் எது தாமதமோ அதற்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் 14-ஐத் தொட்டுவிடும். டிஸ்க்குகளை நடத்தும் கன்ட்ரோலரில் எவ்வளவு பெரிய ப்ராசசர் போட்டாலும் தட்டு சுற்றுகிற வேகம் மாறாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறை ஒன்றும் இல்லை. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்த கட்டுரையிலேயே சின்னதாக ஒன்றை எழுத நான்கு நடை ஆகும் என்பது இருக்கிறது. ஐபிஎம்மின் பிரம்மாண்ட டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக 100 எம்பி சில்லறை டிஸ்க்குகளை அடுக்கி வைத்தால் என்ன என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அடுக்கி வைப்பதில் கிடைக்கும் லாபத்தை உலகம் பிடித்துக்கொண்டது, எழுதுவதற்கு ஆகும் செலவைக் கொட்டேஷனில் யாரும் போடுவதில்லை. நம் அரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 12 டிஸ்க், ஆளுக்கு 140, மொத்தம் 1,680. இதைத்தான் விற்பவர் சொல்வார். வேலையில் பத்துக்கு ஏழு எழுதுவது என்றால், ஒவ்வொரு எழுத்தும் நான்கு நடை, மிஞ்சுவது 540 சொச்சம். அதே டிஸ்க்குகளை ரெய்டு 10 ஆக, அதாவது பேரிட்டிக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வைத்து, கட்டியிருந்தால் எழுத்துக்கு இரண்டே நடை, கிட்டத்தட்ட 990 கிடைத்திருக்கும். ஆனால் இடம் 13.2 டிபியிலிருந்து 7.2 டிபியாகக் குறைந்துவிடும். கொள்முதல் செய்பவர் டிபி கணக்கில்தான் விலை கேட்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1956-இல் வந்த ஐபிஎம் ரமாக், உலகின் முதல் டிஸ்க் சேமிப்பான், ஓர் இடத்தைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது. இன்றைய 7,200 ஆர்பிஎம் டிஸ்க் 12, 13 எடுத்துக்கொள்கிறது. கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது, தேடி எடுக்கும் வேகம் ஐம்பது மடங்குகூட ஏறவில்லை. டிபி கணக்கில் வாங்குவது எவ்வளவு சுலபமாக நம்மை ஏமாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

மாலையில் மட்டும் ஏன் என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 14 என்பது முன்னால் யாரும் இல்லாதபோது. டிஸ்க் பாதி நேரம் பிஸியாக இருந்தால் எளிய வரிசைக் கணக்குப்படி அது 28 ஆகும். 80 சதவீதம் பிஸி என்றால் 70. 90 என்றால் 140. பாதியிலிருந்து எண்பதுக்குப் போகும்போது வேலை 1.6 மடங்குதான் ஆனது, காத்திருப்பு இரண்டரை மடங்காகிவிட்டது. வரிக்குப் பத்து நடை, நடைக்கு 70 என்றால் முக்கால் நொடி. அக்கா திரையில் பார்த்த திணறல் அதுதான்.

பேட்டரி

இவ்வளவு கணக்கும் ஒரு கேள்வியில் தடுக்கி விழுந்தது. இப்படிப்பட்ட கன்ட்ரோலர் எதிலும் ரைட் கேஷ் இருக்கும். எழுத வருவதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மில்லி விநாடிக்குள் "எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கில் பிறகு மெதுவாக எழுதும். அது வேலை செய்தால் தட்டு சுற்றுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், வரிக்கு வரி கமிட் செய்யும் மென்பொருளும் அவ்வளவாகத் தெரியாமல் ஓடிவிடும். முந்தைய தீபாவளிகள் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. சரி, இப்போது அந்தக் கேஷ் எங்கே போனது?

கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். சிவப்பு எதுவும் இல்லை. மஞ்சளில், நூற்றுக்கணக்கான சாதாரணத் தகவல்களுக்கு நடுவே, பேட்டரியின் கொள்ளளவு வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று ஒரு வரி. அடுத்த வரியில், கேஷ் கொள்கை ரைட்-பேக்கிலிருந்து ரைட்-த்ரூவுக்கு மாற்றப்பட்டது. அவ்வளவுதான். தேதி ஆடி மாதத்து வெயில் நாள் ஒன்றைக் காட்டியது. கேஷில் இருப்பதைக் கரண்ட் போனாலும் காப்பாற்றுவதற்குத்தான் அந்த பேட்டரி. அது பலவீனமானால் கன்ட்ரோலர் "இனி நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன்" என்று நேரடியாக டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லத் தொடங்கும். கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன், அந்தப் பெட்டியில் ஒழுங்காக நடந்துகொண்டது இது ஒன்றுதான். ஆனால் யாருக்கும் மின்னஞ்சல் போகவில்லை. மஞ்சள் எச்சரிக்கைகளை அனுப்ப வேண்டாம் என்று யாரோ எப்போதோ டிக் எடுத்திருந்தார்கள். ஆடி, ஆவணியில் வியாபாரம் குறைவு, மெதுவானது தெரியவில்லை. கொள்முதல் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. பேட்டரி ஏன் சீக்கிரம் போனது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை சர்வர் அறை ஏசியை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம், கரண்ட் பில் மிச்சமாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

புது பேட்டரி வரச் சில நாள் ஆகும் என்றபோது, உடன் வந்த பொறியாளர் ஒருவர் "யூபிஎஸ்தான் இருக்குல்ல, ரைட்-பேக்கை ஃபோர்ஸ் பண்ணிடலாம்" என்றார். கன்ட்ரோலரில் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது, பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷில் வாங்கிக்கொள் என்று கட்டாயப்படுத்தலாம். ஒரே நிமிடத்தில் பில்லிங் பறந்திருக்கும், நாங்களும் நல்ல பெயர் வாங்கியிருப்போம். யூபிஎஸ் வெளியே இருந்து வரும் கரண்டைத்தான் பார்த்துக்கொள்ளும். சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளை போனாலோ, ரேக்குக்குப் பின்னால் யாராவது தவறான ஒயரை உருவினாலோ, யூபிஎஸ்ஸே ஒரு நாள் கைவிட்டாலோ, "எழுதிட்டேன்" என்று சொல்லப்பட்ட பில்கள் எங்கும் எழுதப்படாமல் போயிருக்கும். ரெய்டு பேரிட்டியும் தரவும் ஒத்துப்போகாமல் நிற்கும். வேகத்துக்காக எதை வேண்டுமானாலும் அடகு வைக்கலாம் என்றால் இந்தத் தொழிலில் எல்லாமே சுலபம். வேண்டாம் என்றேன், இரண்டு நாள் திட்டு வாங்கினேன். இப்போது வரும் கன்ட்ரோலர்களில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டரும் சிறு ஃபிளாஷும் இருக்கின்றன. கரண்ட் போனால் கேஷில் இருப்பதை ஃபிளாஷில் கொட்டி வைத்துவிடும். இந்த ரகக் கோளாறு அதனால் ரொம்பவே குறைந்துவிட்டது.

பேட்டரி வந்த அன்று மாலை எழுதும் நேரம் ஒரு மில்லி விநாடிக்குக் கீழே போனது. கொட்டேஷன் மேஜையிலிருந்து டிராயருக்குள் போனது. ஆனால் கேஷ் கடனைத் தள்ளிப்போடுமே தவிர அடைக்காது. வருகிற வேகத்துக்கு டிஸ்க்கில் இறக்கி வைக்க முடியாவிட்டால் கேஷ் நிரம்பும். நிரம்பிய நொடியில் எல்லோரும் மறுபடி தட்டு சுற்றுவதற்காகக் காத்திருப்பார்கள், அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல். அதனால் டெவலப்பரோடு உட்கார்ந்து இரண்டு விஷயம் செய்தோம். ஒரு வரிக்கான எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் அடைத்தோம். டேட்டாபேஸ் லாகை மட்டும் ரெய்டு 5-இலிருந்து பிரித்து, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் தனியான இரண்டு டிஸ்க் மிரருக்கு மாற்றினோம். லாக் வரிசையாக எழுதிக்கொண்டே போவது, அதற்குப் பேரிட்டி கணக்கும் தேவையில்லை, முனை அங்குமிங்கும் அலையவும் வேண்டியதில்லை. இரண்டில் எது அதிகப் பலன் தந்தது என்றால் சந்தேகமே இல்லை, கமிட்டைக் குறைத்ததுதான். ஸ்டோரேஜ்காரனாக இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அரேயின் வேகம் கூடியது அரேக்கு வெளியே செய்த வேலையால்.

அப்புறம் ஃபிளாஷ்

இதைப் படித்துவிட்டு நான் எஸ்எஸ்டிக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். தட்டும் இல்லை, சுற்றும் இல்லை, 14 என்ற எண்ணையே குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் "எஸ்எஸ்டி போட்டோம், வேகம் வரல" என்று புலம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கடையில் கிடைக்கும் கணினி எஸ்எஸ்டியை வாங்கி சர்வரில் போட்டிருப்பார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் ஐஓபிஎஸ் முப்பது கோரிக்கை, அறுபது கோரிக்கை ஒன்றாகக் கொடுத்து அளந்தது. கமிட் செய்பவர் கொடுப்பது ஒன்று, அதுவும் நிஜமாகவே எழுதிவிட்டுப் பதில் சொல் என்ற நிபந்தனையோடு. உள்ளே கரண்ட் போனால் தாங்கும் கெப்பாசிட்டர் இருந்தால் எஸ்எஸ்டி தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு நம்பிக்கையாகப் பதில் சொல்லும். மலிவு ரகத்தில் அது இருக்காது. ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் செல்லில் எழுதி முடித்தாக வேண்டும், அதற்கு ஒரு மில்லி விநாடியை ஒட்டியோ தாண்டியோ ஆகும். ஈரோட்டில் பார்த்த அதே பேட்டரி கதை, கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி எஸ்எஸ்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2011-இல் வந்த என்விஎம்இ என்ற எஸ்எஸ்டி இணைப்புத் தரம், பழைய சாட்டா முறையின் 32 இடம் கொண்ட ஒற்றை வரிசைக்குப் பதிலாக 64 ஆயிரம் வரிசை, ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் கோரிக்கை வரை அனுமதிக்கிறது. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் மென்பொருளுக்கு இத்தனை வரிசையில் ஒன்று போதும்.

அந்த நிறுவனம் பிறகு ஃபிளாஷ் அரே வாங்கியது. நானே எழுதிக் கொடுத்தேன். காரணம் பில்லிங் அல்ல. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு எடுக்கும் இருப்பு அறிக்கைகள் டேட்டாபேஸ் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்பவை. கேஷில் அடங்காது. பல கோரிக்கைகள் ஒரே சமயம் டிஸ்க் முழுக்கச் சிதறிப் போகும். தட்டு எதுவும் சுற்றாத பெட்டிக்கு இதைவிடத் தகுந்த வேலை இல்லை. ராத்திரி முழுக்க ஓடிய அறிக்கை டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிகிறது. கவுன்டரில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். "எப்பவும் போலத்தானுங் தம்பி, ஏன், ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்றார்.

போன முறை போனபோது மென்பொருளின் புதுப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பழைய டெவலப்பர் இல்லை, புதுப் பையன் ஒருவன். ஐஓஸ்டாட்டைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால், 4 கேபி எழுதும் கோரிக்கைகள் மழை மாதிரி கொட்டுகின்றன. புரோகிராம் கோடைத் திறந்து காட்டினான். கமிட் மறுபடி வரிக்கு வரி, இந்த முறை தணிக்கைக்கு இன்னும் இரண்டு சேர்த்து. "கோட் சிம்பிளா இருக்கும்ண்ணா, லேட்டன்சி பாருங்க, கால் மில்லி விநாடிகூட இல்லை" என்றான். பார்த்தேன். உண்மைதான், மிக மெதுவானவற்றையும் காட்டும் பெர்சன்டைல் கணக்கிலும் உண்மைதான். எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஓர் எண்ணும் இல்லை. மஞ்சள் எச்சரிக்கைகளுக்கு மின்னஞ்சல் போகிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு, சர்வர் அறை ஏசி ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓடுவதில்லை என்றார்.